கம்பளி போதாது, வைக்கோல் போடுங்கள்
ஊட்டி உறைபனிக்கு நாய்க்கூண்டில் பழைய கம்பளியோ சாக்கோ விரித்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வினையே அதுதான். மூச்சு ஈரத்தையும் காலோடு வரும் பனியையும் துணி உறிஞ்சிக்கொண்டு, விடியற்காலையில் நாயின் உடல்சூட்டை இழுத்துவிடும். காய்ந்த வைக்கோலை அரையடி உயரத்துக்கு உதிரியாகப் போடுங்கள். நாயே குழி பறித்துச் சுருண்டுகொள்ளும். அடிவரை கையை விட்டுப் பாருங்கள், நமத்திருந்தால் அன்றே மாற்றணும். கூண்டுக்கு அடியில் செங்கல் வைத்து நாலு அங்குலமாவது தூக்குங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக 'பெரிய கூண்டு வாங்குங்க' என்று எழுதிய நண்பருக்கு: பெரிசானால் சூடு தங்காது, நின்று திரும்பிப் படுக்க இடமிருந்தால் சரி. வாசல் காற்றடிக்காத பக்கம் இருக்கட்டும், கனமான ரப்பர் ஷீட் தொங்கவிடுங்கள். கூரையோரம் சின்னத் துளை ஒன்று அவசியம், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து வைக்கோல் நனைந்துவிடும்.