மரத்துக்குப் பெயர் வைப்பது ஒரு வேலையா?

இந்த முறையும் பார்த்துவிட்டேன். உயர்தரத்தில் உயிரியல் எடுத்த ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. தாவரவியலில் சிறப்புப் பட்டம் எடுத்து, பாகுபாட்டியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறது. தகப்பன் என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "சேர், மரத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் சீவிக்கிறது?"

திருகோணமலையில் உயிரியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். அவரிடம் மட்டும் சொன்னால் போதாது. இந்த ஊரில் பலருடைய மனதில் இருக்கும் கேள்வி அது.

முதலில், பாகுபாட்டியல் ஆராய்ச்சியாளர் செய்வது பெயர் வைப்பது மட்டும் என்ற எண்ணத்தை விட வேண்டும். எந்தச் செடி எந்தச் செடிக்குச் சொந்தம், எந்தக் காலத்தில் எந்தக் கிளையில் இருந்து பிரிந்து வந்தது, ஏன் பிரிந்தது என்று தேடுவதுதான் அந்த வேலை. பெயர் அதன் கடைசியில் வருவது. அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் குளங்களில் தாமரையும் அல்லியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் நீண்ட காலம் புத்தகங்கள் சொல்லிவந்தன. பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். அல்லி இலையில் காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் வந்து சேரும். மகரந்தமணியை நுணுக்குக்காட்டியில் வைத்தால் தாமரையினதில் மூன்று பள்ளங்கள் தெரியும், அல்லியில் அந்த அமைப்பு இல்லை. இதையெல்லாம் கவனித்துத்தான், டி.என்.ஏ. ஆய்வுகள் வருவதற்கு முன்பே சிலர் தாமரையைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். டி.என்.ஏ. வந்தபோது தெரியவந்தது அதைவிட வியப்பு. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே கிரெவில்லியா மரம், தாமரையின் உறவு அந்தப் பக்கம்! அல்லியோ பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் வளரும் அம்பொரெல்லா என்ற செடிதான் எல்லாவற்றுக்கும் முதலில் பிரிந்தது, அதற்கு அடுத்த கிளையில் அல்லி இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது ஒருவர் இருவர் அல்ல. 1993இல் 499 வித்துத் தாவரங்களின் ஒரே பரம்பரை அலகை (ஜீன்) ஒப்பிட்டு வந்த ஆய்வுக் கட்டுரையில் 42 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1998இல் பூக்கும் தாவரங்களின் குடும்பங்களைப் புதிதாக ஒழுங்குபடுத்தினார்கள். பிறகு 2003, 2009, 2016 என்று திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

நம்முடைய மரங்களும் அதில் இடம் மாறின. சாவண்டலையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக மர வியாபாரத்தில் அதற்கு 'திருகோணமலை மரம்' என்றே பெயர். இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அலைக்கு வளைந்து கொடுக்கும் மசூலாப் படகுகளாக ஆன மரம். சென்னையில் இருந்த அன்ட்ரூ பெரி என்ற மருத்துவரின் நினைவாகத் தாவரவியலாளர் ரொக்ஸ்பர்க் அதற்கு பெர்ரியா என்று சாதிப் பெயர் (பேரினப் பெயர்) வைத்தார். வெகுகாலம் சணல் குடும்பத்தில் இருந்தது. இன்று செவ்வரத்தை, பூவரசு, பருத்தி, வெண்டி எல்லாம் இருக்கும் குடும்பத்தில் நிற்கிறது. முதிரையின் கதை இன்னும் நல்லது. மகோகனியோடு சேர்த்துத்தான் ரொக்ஸ்பர்க் முதலில் அதை வைத்தார். ஒரு முதிரை இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியது மாதிரி ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வாசம் வரும். தேசிக்காயும் விளாவும் கறிவேப்பிலையும் இருக்கும் குடும்பம்தான் அதற்கும். வகுப்பில் இதைக் காட்டினால் கடைசி வாங்கில் இருப்பவனும் எழும்பி வருவான்.

இலங்கையின் தாவரங்களை எழுதிவைக்க மனிதர்கள் எத்தனை ஆயுளைச் செலவழித்தார்கள்! ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹெர்மான் சேர்த்து உலர்த்திய செடிகளை வைத்து, இந்தத் தீவில் காலே வைக்காத சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் ஒரு நூல் எழுதினார். பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளர் ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன்னுடைய கைநூலின் முதற் பாகத்தை 1893இல் வெளியிட்டார். முடிப்பதற்குள் 1896இல் இறந்துபோனார். மிச்சத்தை டார்வினின் நண்பர் ஹூக்கர் எழுதி 1900இல் முடித்தார். அதைத் திருத்தி எழுதிய பாகங்கள் 1980 முதல் 25 வருடங்களுக்கு மேலாக வெளிவந்தன. அப்படியும் முடிந்ததாகச் சொல்ல முடியாது.

சரி, இதனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து உப்பாறுப் பக்கம் வாருங்கள்.

வீதியில் போகிறவர்களுக்கு அங்கே நிற்பது எல்லாம் கண்டல் காடு. இறங்கிப் பார்த்தால் உண்மையான கண்டல் வில்லு வில்லாகத் தாங்கு வேர் விட்டு நிற்கும். அதன் வித்து தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பக்கத்தில் நிற்கும் கண்ணாவுக்குத் தாங்கு வேர் இல்லை, சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் மேலே வரும். காலை வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், உள்ளே போன உப்பை இலை வழியாகவே வெளியேற்றுகிறது. கொஞ்சம் தள்ளி நிற்பது தில்லை. அதன் பாலைத் தொட்டுவிட்டுக் கண்ணில் கை வைக்கக்கூடாது என்று மீன்பிடிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே சேறு, ஒரே உவர்நீர், ஆனால் மூன்றும் மூன்று குடும்பம். தில்லை ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சொந்தம். கண்ணா ஆடாதோடைக்கும் நீர்முள்ளிக்கும் சொந்தம். அதையும் முன்பு வேறிடத்தில்தான் வைத்திருந்தார்கள். கண்டல் இந்த இரண்டோடும் சேராத தனிக் குடும்பம். உப்பில் வாழும் வித்தையைத் தாவரங்கள் ஒரு தடவை கற்றுப் பரப்பவில்லை, வெவ்வேறு வழியில் வந்தவை தனித்தனியாகக் கற்றுக்கொண்டு ஒரே கரையில் வந்து நிற்கின்றன. கூர்ப்பை (பரிணாமத்தை) படிப்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அங்கே இறங்காமலே கூர்ப்பு வினாவுக்கு விடை எழுதி நல்ல புள்ளி வாங்குகிறார்கள் என்பதுதான் என் மனவருத்தம்.

இந்த வித்தியாசம் தெரியாததற்கு நாடு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது. நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும்தான். இனத்துக்குப் பொருந்தாத இடத்தில் நட்டது முக்கியமான காரணங்களில் ஒன்று. கண்டலுக்கு நீண்ட நாற்று, சேற்றில் குத்தினால் நிற்கும், படம் பிடிக்கவும் வசதி. ஆனால் வெயிலில் உவர் ஏறி வெடிக்கும் தரையில் கண்ணா தாங்கும், கண்டல் கருகிவிடும். நடுவதற்கு முன் அந்த இடங்களில் இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் எவ்வளவு காசும் உழைப்பும் மிஞ்சியிருக்கும்!

இன்னொன்று. குருடியா செய்லானிக்கா என்ற மரத்தை, அழியும் ஆபத்திலுள்ள இனங்களைப் பதியும் 2012 தேசிய சிவப்புப் பட்டியல் அழிந்துவிட்டது என்று பதிந்திருந்தது. 2019இல் கம்பகாவில் உயிரோடு ஒன்று அடையாளம் காணப்பட்டது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் போனபோது நாடே பேசியது. அடையாளம் காணத் தெரிந்த கண் இல்லாமல் இருந்திருந்தால் அது பெயர் தெரியாத ஒரு மரமாக விழுந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நம்முடைய பாலை, வீரை மரக் காடுகளுக்குள்ளும் வீதி வருகிறது, காணி பிரிகிறது. எது விழுகிறது என்று பார்த்துச் சொல்ல நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

வேலைவாய்ப்பு குறைவு, அதை நான் மறைக்கவில்லை. பல்கலைக்கழகம், பேராதனை தேசிய ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் சேகரிப்பு நிலையம்), வனத் திணைக்களம், சுற்றாடல் மதிப்பீட்டு வேலைகள் என்று வாசல்கள் கொஞ்சம்தான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் தேடவும் நிறைய அலைய வேண்டும். ஆனால் விருப்பமில்லாத படிப்பில் தள்ளிய பிள்ளை என்ன ஆகிறது என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்தானே. அந்தத் தகப்பனிடம் நான் சொன்னது, இந்த முதல் வருடத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள், மூன்று மரத்தின் குடும்பத்தை அவள் உங்களுக்கு இலையைக் காட்டி விளக்கட்டும், அப்புறம் முடிவெடுங்கள் என்று.

அப்புறம், உப்பாறு, தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் மரநடுகை ஒழுங்கு செய்கிற சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்று எடுக்கும் முன் ஒரு தாவரவியல் ஆசிரியரையும் நாலு உயர்தர மாணவரையும், அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒரு வயதானவரையும் கூட்டிக்கொண்டு போய் எது எங்கே தானாக முளைத்து நிற்கிறது என்று எழுதி எடுங்கள். ஆசிரியர் கிடைக்காவிட்டால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சனிக்கிழமைகளில் வருகிறேன்.