மூவாயிரம் டயப்பரும் ஒரு கரடி பொம்மையும்

(பாலுவுக்குக் குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம். மடியில் லேப்டாப். அக்கா சுமதி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எதற்கும் எளிதில் அசரமாட்டாள்.)

பாலு: அக்கா, மூவாயிரம் டயப்பர் அடுக்கி வைக்க எவ்வளவு இடம் வேணும்?

சுமதி: யாருக்குடா? யானைக்குட்டி ஏதாவது தத்தெடுக்கறியா?

பாலு: உன் மருமகனுக்கோ மருமகளுக்கோதான். கணக்குப் போட்டுட்டேன். நாளைக்கு 8, வருஷத்துக்கு 365 நாள், ஆக 2,920. முழுசா 3,000 போட்டுட்டேன். எல்லாம் நியூபார்ன் சைஸ். ஆஃபர் ராத்திரி 12 மணிக்கு முடியுது. பட்டனை அழுத்தட்டுமா?

சுமதி: கையை எடு! பெருக்கல் சரியா இருக்கு. குழந்தைதான் தப்பா இருக்கு. வருஷம் பூரா அது நியூபார்னாவே இருக்கப் போகுதா?

பாலு: ஒரு வயசு வரைக்கும் நியூபார்ன்தானே?

சுமதி: வயசைப் பார்க்காதே, எடையைப் பாரு. பாக்கெட் மேலேயே கிலோ போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஏறக்குறைய நியூபார்ன் 5 கிலோ வரைக்கும், ஸ்மால் 4லிருந்து 8, மீடியம் 7லிருந்து 12, லார்ஜ் 9லிருந்து 14. பிறக்கும்போது 3 கிலோன்னு வை. முதல் சில நாள் கொஞ்சம் எடை இறங்கும், ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்கு வந்துடும். அப்புறம் நாளைக்கு 20, 30 கிராம்னு ஏறும். ஒண்ணரை மாசத்துல 4 கிலோ. அஞ்சு மாசம் வாக்குல பிறந்த எடை மாதிரி ரெண்டு மடங்கு. அன்னைக்கு உன்கிட்ட 2,600 நியூபார்ன் மிச்சம் இருக்கும். என்ன பண்ணுவ?

பாலு: ...ரெண்டாவது குழந்தை?

சுமதி: இதை உன் பொண்டாட்டிகிட்ட பிரசவ அறை வாசல்ல நின்னு சொல்லு.

பாலு: சரி, 300. ஒரு மாசத்துக்கு. இப்ப அழுத்தட்டுமா?

சுமதி: அதுவும் வேண்டாம். குழந்தை 4 கிலோவா பிறந்தா நியூபார்ன் ரொம்ப நாள் தாங்காது. 2 கிலோ சொச்சமா பிறந்தா அதுவே தொளதொளன்னு நிக்கும். அந்தக் கம்பெனி தோலுக்கு ஒத்துக்காமப் போகலாம். எல்லாருக்கும் நல்லா இருக்கிற டயப்பர் உன் குழந்தை தொடைக்கு இடைவெளி விட்டு ஒழுகலாம். முதல்ல 60, 70 பீஸ் போதும், ஒரு வாரத்துக்கு வரும். அப்புறம் இருப்பு குறையக் குறைய அடுத்த பாக்கெட். 4 கிலோ நெருங்கினா நியூபார்ன் வாங்கறதை நிறுத்து, ஸ்மால்ல ஒரு சின்ன பாக்கெட் எடுத்துப் பாரு. எந்த சைஸா இருந்தாலும், இருக்கிறது தீர்ந்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கணும். பிரிக்காததைத்தான் கடையில சைஸ் மாத்தித் தருவாங்க.

பாலு: (தட்டச்சு செய்தபடி) பிரிக்கக் கூடாது. எழுதிக்கிட்டேன். அப்ப வருஷத்துக்கு பட்ஜெட் எப்படிப் போடறது?

சுமதி: மூணு துண்டா போடு. முதல் மாசம் நாளைக்கு 10. அடுத்த நாலு மாசம் நாளைக்கு 8. அப்புறம் ஏழு மாசம் நாளைக்கு 6.

பாலு: 300, 960, 1,260. மொத்தம் 2,520.

சுமதி: மேல சேதாரம் 10 சதவீதம்.

பாலு: 252. ஆக 2,772. பார்த்தியா! மூவாயிரம்னு அப்பவே சொன்னேனே!

சுமதி: கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்ச கல்லு மாங்காய்ல பட்டா அதுக்குப் பேரு கணக்கு இல்லடா. அது சரி, ரெண்டாம் வருஷத்தை எங்க காணோம்?

பாலு: ரெண்டாம் வருஷமும் உண்டா?

சுமதி: நாளைக்கு 5 வச்சாலும் 1,825. நிறைய குழந்தைங்க பகல்ல டயப்பரை விடறதே ரெண்டு, மூணு வயசுலதான். ராத்திரி இன்னும் தள்ளிப்போகும்.

(பாலு தண்ணீர் குடிக்கிறான்.)

பாலு: எண்ணிக்கை ஆச்சு. விலைக்கு வருவோம். இங்கே பாரு, நியூபார்ன் பாக்கெட்டும் லார்ஜ் பாக்கெட்டும் ஒரே விலை. அப்ப லார்ஜ்தானே லாபம்? துணி ஜாஸ்தி.

சுமதி: ஜவுளியா வாங்கற? உள்ள எத்தனை பீஸ்னு பாரு.

பாலு: இதுல 60... அதுல 40.

சுமதி: அதான் சூட்சுமம். பாக்கெட் விலையைப் பார்க்கவே பார்க்காதே, எண்ணிக்கையால வகுத்துடு. ஒரு பீஸ் என்ன விலைன்னு மட்டும் பாரு. சைஸ் ஏற ஏற பீஸ் விலை ஏறும், ஆனா நாளைக்கு ஆகிற பீஸ் குறையும். உன் கணக்குலேயே பாரு. 60 பாக்கெட்ல நாளைக்கு 10னா ஆறு நாள் வரும். 40 பாக்கெட்ல நாளைக்கு 6னா கிட்டத்தட்ட ஏழு நாள். மாசச் செலவு பெருசா மாறாது. ஆஃபர்னு கத்தறானே, அதையும் இதே மாதிரி வகு. சில சமயம் ‘மெகா பேக்’ல பீஸ் விலை சின்ன பாக்கெட்டைவிட அதிகமா இருக்கும், பாரு.

பாலு: (வகுக்கிறான். முகம் மாறுகிறது.) அக்கா... இந்த மெகா பேக் ஒண்ணை நான் கூடையில போட்டு வச்சிருக்கேன்.

சுமதி: எடுத்து வெளிய வை.

பாலு: நான் ஒரு சிக்கன வழி கண்டுபிடிச்சிருக்கேன். பாக்கெட்ல ‘12 மணி நேரம் உலர்வு’ன்னு போட்டிருக்கு. அப்ப நாளைக்கு 2 போதும்! வருஷத்துக்கு 730!

சுமதி: (துணியைக் கீழே வைக்கிறாள்.) வாடா இங்க. டயப்பருக்குள்ள ஒரு தூள் இருக்கு. ஈரம் பட்டா உறிஞ்சி ஜெல்லா ஆகிடும். அது மூத்திரத்தைத்தான் பிடிச்சு வைக்கும். மலத்தை வச்சு அது என்ன பண்ணும்? மலத்துல இருக்கிற செரிமான நொதியும் மூத்திரமும் சேர்ந்தா தோலை அரிச்சுடும். அதான் தடிப்பு. பகல்ல ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து மாத்தணும், மலம் போனா அடுத்த நிமிஷமே. நீ டயப்பர்ல மிச்சம் பிடிக்கிறது டாக்டர் ஃபீஸுக்கும் கிரீமுக்கும் போயிடும்.

பாலு: ராத்திரியும் மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுப்பணுமா?

சுமதி: தூங்கற குழந்தையை எழுப்பினா உன்னை நானே அடிப்பேன். வெறும் மூத்திரம்னா விடு. படுக்கப் போகும்போது புதுசு ஒண்ணு மாட்டு. நீட்டித் தூங்க ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள ஒழுகுதுன்னா ராத்திரிக்கு மட்டும் ஒரு சைஸ் பெருசு.

பாலு: நடுவுல ஒரு மஞ்சள் கோடு இருக்கே, அது நீலமா மாறினா உடனே மாத்தணுமா?

சுமதி: ரெண்டு சொட்டுக்கே நீலமாகிடும் அது. ஒவ்வொரு நீலத்துக்கும் நீ ஓடினா நாளைக்கு 20 ஆகும். கையால தொட்டுப் பாரு. உப்பி, கனமா இருந்தா மாத்து. ஆனா முதல் வாரம் மட்டும் அந்தக் கோடு தெய்வம். முதல் நாள் ஒண்ணு ரெண்டு தடவைதான் ஈரம் இருக்கும். அப்புறம் நாளுக்கு நாள் கூடும். அஞ்சாம் நாளுக்கு மேல 24 மணி நேரத்துல ஆறு ஈர டயப்பராவது வரணும். வரலைன்னா பால் போதலைன்னு அர்த்தமா இருக்கலாம்.

பாலு: குறைஞ்சா மிச்சம்தானே?

சுமதி: குறைஞ்சா டாக்டர்கிட்ட ஓடணும்! இதுக்குத்தான்டா உன் எக்செல் உதவும். தேதி, நேரம், ஈரம், மலம்னு நாலு கட்டம் போடு. ஆஸ்பத்திரியில இதைத்தான் முதல்ல கேட்பாங்க. முதல் மலம் தார் மாதிரி கறுப்பா, ஒட்டிக்கிட்டு வரும். பார்த்துட்டு அலறாதே. முன்னாடியே கொஞ்சம் வாசலின் தடவி வச்சா துடைக்க சுலபம்.

பாலு: (மெதுவாக) தார்... கறுப்பு... அலறக் கூடாது. அக்கா, நான் துணி நாப்கினுக்கே போயிடறேன். ஒருதடவை வாங்கினா முடிஞ்சுது.

சுமதி: முடியாது, ஆரம்பிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைச்சா 24 வேணும். ரெண்டு நாளுக்கு 20, காயறதுல கிடக்க 4. மேல போடற ஈரம் தாங்கற உறை ஒரு ஆறு. ஒரு செட் விலை 30 டயப்பர் விலைன்னு வை. 24 செட்டுக்கு?

பாலு: 720 டயப்பர்.

சுமதி: பகல்ல துணி, ராத்திரியும் வெளிய போகும்போதும் டயப்பர். இப்படி நாளைக்கு ஆறு மிச்சம்னா?

பாலு: 120 நாள்ல போட்டது திரும்பி வந்துடும். நாலே மாசம்! அப்புறம் எல்லாம் லாபம்!

சுமதி: சோப்புத்தூளு, தண்ணி, கரண்டு சேர்த்தா இன்னும் கொஞ்ச நாள். புது உள்துணியை நாலஞ்சு தடவை துவைச்சாத்தான் முழுசா உறிஞ்சும். வாசனைக்குன்னு ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தினா மெழுகு மாதிரி படிஞ்சு உறிஞ்சறதே போயிடும். கெட்டியான கிரீம் தடவினாலும் அப்படித்தான், நடுவுல மெல்லிசா ஒரு துணி போடணும். பட்டன் மாத்தி மாத்தி எல்லா வயசுக்கும் போடலாம்னு வர்ற ரகம் பிறந்த குழந்தை தொடைக்குச் சரியா உட்காராது, சதை பிடிச்சப்புறம் எடு. எல்லாம் சரி, உன் எக்செல்ல ‘துவைக்கிறது யாரு’ன்னு ஒரு கட்டம் இருக்கா?

பாலு: இருக்கு. காலியா விட்டிருக்கேன்.

சுமதி: உன் பேரைப் போடு.

(பாலு நெடுநேரம் யோசித்துவிட்டு முதல் எழுத்தை மட்டும் போடுகிறான்.)

சுமதி: அலமாரி மேல ஒரு டயப்பர் பாக்கெட் இருக்கு, எடுத்துட்டு வா. மாட்டத் தெரியுதான்னு பார்ப்போம்.

பாலு: (எடுத்து வந்து) அக்கா, இது நியூபார்ன் சைஸ். உன் சின்னவனே இப்ப ஏழாவது படிக்கிறான். இவ்வளவு மிச்சம்...?

சுமதி: ...கரடி பொம்மையை எடுத்துட்டு வா.

பாலு: ஆஃபர்ல வாங்கினியா?

சுமதி: கரடியை எடுத்துட்டு வான்னேன்.

(கரடி மேஜை மேல் கிடத்தப்படுகிறது. பாலு வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராகிறான்.)

சுமதி: பழசைக் கழட்டறதுக்கு முன்னாடியே புதுசை அடியில விரிச்சிடு. திறந்ததும் காத்து பட்டு மூத்திரம் அடிக்கும். அதனால பழசோட முன்பக்கத்தைச் சில நொடி அப்படியே மேல வச்சிரு. துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால, பொண்ணா இருந்தா இதை மறக்கவே கூடாது. வீட்டுல பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணியும் போதும். வைப்ஸ் வெளிய போகும்போது பார்த்துக்கலாம், அந்தச் செலவும் மிச்சம். ஈரம் காயட்டும். பவுடர் வேண்டாம், மூச்சுல போகும்.

பாலு: மாட்டியாச்சு!

சுமதி: பட்டி பின்னாலிருந்து முன்னால வரணும். நீ கரடிக்கு முதுகுல ஒட்டியிருக்க.

(பிரித்து ஒட்டுகிறான். பட்டி ‘சர்ர்’ என்று கையோடு வந்துவிடுகிறது.)

சுமதி: இதான் வாங்கிக் குவிக்கக் கூடாதுங்கறது. வருஷக்கணக்குல கிடந்தா பசை போயிடும், எலாஸ்டிக் தளர்ந்துடும். அடுத்ததை எடு. தொப்புள்கொடி விழ ஒண்ணுலிருந்து மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் முன்பக்கத்தை மடிச்சு அதுக்குக் கீழ நிறுத்து. இடுப்புல ரெண்டு விரல் நுழையணும். கடைசியா, தொடையைச் சுத்தி ஒரு கொசுவம் இருக்கு பாரு, அதை விரலால வெளிய இழுத்துவிடு. ஒழுகுதுன்னு கம்பெனியைத் திட்டறவங்கள்ல நிறைய பேருக்கு அந்தக் கொசுவம் உள்ள மடிஞ்சிருக்கும். பையனா இருந்தா கீழ்நோக்கி வச்சு மூடு. இல்லைன்னா வயித்துப்பக்கமா சட்டை நனையும்.

பாலு: இதெல்லாம் பண்ணியும் முதுகு வழியா வந்தா?

சுமதி: சைஸ் பத்தலைன்னு அர்த்தம். பட்டி நடுவுக்கு எட்டலை, தொடையில சிவப்பா தடம் விழுது, இதுல எது வந்தாலும் பாக்கெட்ல என்ன கிலோ போட்டிருந்தாலும் அடுத்த சைஸுக்குப் போயிடு. தவழ ஆரம்பிச்சா படுக்க வச்சு ஒட்டவே முடியாது, அப்ப ஜட்டி மாதிரி மாட்டற ரகம். கழட்டும்போது கீழ இழுக்காதே. ரெண்டு பக்கமும் கிழி. இழுத்தா காலெல்லாம் பூசிக்கும்.

(பாலு ஒட்டுகிறான். கைவிரலில் வாசலின். பட்டி ஒட்டவில்லை. மூன்றாவதை எடுக்கிறான். கரடியின் ஒரு காதும் டயப்பருக்குள் இருக்கிறது.)

பாலு: அக்கா, மணி 12. ஆஃபர் போச்சு. கூடையில ஒரே ஒரு பாக்கெட்தான் இருக்கு, 60 பீஸ். அதுவும் சாதாரண விலையில.

சுமதி: போதும். அதை அழுத்து.

பாலு: (அழுத்திவிட்டு) அது சரி, ‘சேதாரம் 10 சதவீதம்’னியே, எதுக்குன்னு சொல்லவே இல்லையே. குழந்தை காலை உதைச்சுக் கிழிச்சுடுமா?

சுமதி: (மேஜை மேல் கிடக்கும் மூன்று டயப்பர்களைப் பார்க்கிறாள். கரடியைப் பார்க்கிறாள். தம்பியைப் பார்க்கிறாள்.) அது குழந்தைக்கு இல்லடா.

பாலு: (சற்று நேரம் கழித்து, எக்செல்லைத் திறந்து) அப்ப 20னு மாத்திடறேன்.