கண்ணைப் பார்த்தது போதும், கேள்வியைக் கேளுங்கள்

என்எல்பி (நியூரோ-லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) என்ற தகவல் தொடர்புப் பயிற்சி முறையின் பெயரில் அலுவலகங்களில் நடக்கிற கூத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வருகிறவர் மறுநாள் மீட்டிங்கில் எதிரே இருப்பவர் கன்னத்தில் கை வைத்தால் தானும் வைக்கிறார், அவர் சாய்ந்தால் தானும் சாய்கிறார். இதற்கே கவனம் முழுவதும் போய்விடுவதால் எதிராளி பேசியதில் பாதி காதில் ஏறவில்லை. எதிராளிக்கோ ஏதோ உறுத்துகிறது, பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். தகவல் தொடர்பை மேம்படுத்தப் பணம் கட்டி அனுப்பியதன் பலன் இது.

கோபம் என்எல்பி மீது அல்ல. அதில் வேலைக்கு உதவுகிற பகுதி ஒன்று நிச்சயம் உண்டு. அதை அரை மணி நேரத்தில் ஒப்புக்குச் சொல்லிக் கடந்துவிட்டு, ஆதாரம் இல்லாத பகுதியை இரண்டு நாளும் மேடையில் வித்தை காட்டுவதுதான் வயிற்றெரிச்சல்.

கண் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர் தன் வலப்பக்கம் மேலே பார்த்தால் மனதில் ஒரு காட்சியை உருவாக்குகிறார், இடப்பக்கம் மேலே பார்த்தால் ஏற்கெனவே பார்த்த ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிறார் என்பதுதான் பழைய என்எல்பி வரைபடம். உருவாக்குவது என்றால் பொய் சொல்வது என்று அதை வகுத்தவர்கள் சொல்லவில்லை. அந்த ஒட்டு பின்னால் வந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் இதை மூன்று விதமாகச் சோதித்தார்கள். பொய் சொன்னவர்கள், உண்மை சொன்னவர்கள் இரு தரப்பின் கண் அசைவிலும் அந்த வேறுபாடு இல்லை. இந்த விதியைக் கற்றுக்கொண்டவர்களால் மற்றவர்களைவிடச் சரியாகப் பொய்யைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. காணாமல்போன உறவினருக்காகப் பத்திரிகையாளர் முன் உருக்கமாகப் பேசிய உண்மையான வீடியோக்களிலும் எதுவும் தேறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு அதே படத்தைக் காட்டிப் பயிற்சி நடக்கிறது. யோசித்துப் பதில் சொல்பவர் கண்ணை வேறு பக்கம் திருப்புவது சாதாரணம். எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடினமான ஒன்றை யோசிப்பது மூளைக்குச் சுமை, அவ்வளவுதான். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டதும் ஒரு கணம் கூரையைப் பார்த்த குற்றத்துக்காக ஒருவரின் வேலை வாய்ப்பு போகிறது என்றால் அது அநியாயம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அடுத்தது 7-38-55. பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று வட்டப்படம் போடாத பயிற்சி வகுப்பு இல்லை. இது என்எல்பியில் பிறந்ததே அல்ல. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து சேர்த்தெடுத்த கணக்கு. ஒன்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிக் கேட்க வைத்தார்கள். இன்னொன்றில் ஒரே ஒரு சொல்லை மூன்று தொனியில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப் படங்களைக் காட்டினார்கள். கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா. சொல்லும் முகமும் முரண்படும்போது உணர்ச்சியை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதற்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும். மெஹ்ராபியனே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். டெட்லைன் எப்போது, யார் பொறுப்பு, எந்த வெர்ஷன் என்பதெல்லாம் 93 சதவீதம் சொல் இல்லாமல் போய்ச் சேருமா? மெயிலுக்கு உடல்மொழி ஏது? சொல்லுக்கு மதிப்பில்லை என்று நம்பவைக்கப்பட்டவர்கள் எழுதும் மெயில்களைப் படித்துவிட்டு மற்ற எல்லாரும் போன் போட்டு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'நீங்கள் விஷுவலா, ஆடிட்டரியா, கைனஸ்தெடிக்கா', அதாவது பார்த்துப் புரிந்துகொள்பவரா, கேட்டா, தொட்டு உணர்ந்தா என்கிற வகைப்பாட்டையும் விட்டொழியுங்கள். ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஷார்ப்லி 1984இலும் 1987இலும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கருத்துக்கு ஆதாரம் தேறவில்லை என்று எழுதிவிட்டார். 'அவர் விஷுவல் டைப்' என்று முத்திரை குத்தியபின், அவர் வாயால் கேட்கிற விஷயத்துக்கும் ஸ்லைடு அனுப்பிக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

உடலசைவைப் போலச்செய்வதில் மட்டும் ஒரு பொறி உண்மை உண்டு. அதனால்தான் அது ஆபத்து. சார்ட்ராண்ட், பார்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1999இல் செய்த ஆய்வில், மனிதர்கள் தம்மை அறியாமல் எதிராளியின் அசைவுகளைத் தொற்றிக்கொள்வதும், அப்படித் தம்மைப் பிரதிபலித்தவரைச் சற்றே கூடுதலாகப் பிடித்துப்போவதும் தெரியவந்தது. ஆனால் தம்மை ஒருவர் பிரதிபலிப்பதை அந்த ஆட்கள் கவனிக்கவில்லை. தெரியாதவரைதான் அது நேசம், தெரிந்துவிட்டால் கேலி செய்வதாகவோ ஏமாற்றுவதாகவோ படும். கையையும் காலையும் விட்டுவிட்டுப் பேச்சின் வேகத்தைக் கவனியுங்கள். எதிராளி நிதானமாகப் பேசுபவர் என்றால் நீங்களும் வேகத்தைக் குறையுங்கள், அவர் முடித்தபின் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பேசுங்கள். அவர் பயன்படுத்திய சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர் 'பில்லிங் குளறுபடி' என்றால் நீங்களும் அதையே சொல்லுங்கள், 'பிராசஸ் இஷ்யூ' என்று மாற்றாதீர்கள். சொல்லை மாற்றினால் தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று நினைத்து அவர் முதலிலிருந்து தொடங்குவார்.

ரீஃப்ரேமிங், அதாவது ஒன்றை வேறு கோணத்தில் பார்க்கவைப்பது என்ற பெயரில் நடக்கும் அக்கிரமம் இன்னொரு பக்கம். நான்கு பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். வருகிற பதில்: "இதைப் பிரச்சினையா பார்க்காதீங்க, வாய்ப்பா பாருங்க." வேறு கோணத்திலிருந்து பார்க்க உதவுவதற்கு வேலை செய்யும் வரிசை ஒன்று உண்டு. முதலில் அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே திரும்பச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதான்" என்று சொல்லும்வரை அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. அதன்பிறகு உண்மையில் மாற்றக்கூடியது எது என்று கேட்கலாம். முதல் இரண்டையும் தாண்டிக் குதித்தால் அது வாயடைப்பு. ஆள் பற்றாக்குறைக்கு ஆள்தான் வேண்டும், கோணம் அல்ல.

வகுப்பில் அவசர அவசரமாகப் புரட்டிவிடும் பகுதிக்கு வருவோம். 1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகத்தில் ஜான் கிரைண்டர் மொழியியல் ஆசிரியர், ரிச்சர்ட் பேண்ட்லர் மாணவர்; என்எல்பியைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சட்டிர் போன்ற தேர்ந்த உளச்சிகிச்சையாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்து, 1975இல் ஒரு கேள்வித் தொகுப்பாக வெளியிட்டார்கள். அதுதான் மெட்டா மாடல். மனிதர்கள் பேசும்போது தகவல் மூன்று வழியில் கெடுகிறது என்பது அதன் அடிப்படை: விடுபடுதல், பொதுமைப்படுத்தல், திரித்தல். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கேள்வி உண்டு.

விடுபடுதலுக்குத் தமிழ் அலுவலகப் பேச்சைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். "சொல்லியாச்சு." "அனுப்பியாச்சு." "பாத்துக்கலாம்." யார் சொன்னது, யாருக்கு அனுப்பியது, யார் எப்போது பார்ப்பது, ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் காதில் முழு வாக்கியமாக விழுகிறது, ஆளாளுக்கு ஒரு பெயரை மனதில் நிரப்பிக்கொண்டு கலைகிறார்கள். வெள்ளிக்கிழமை "டெஸ்ட் பண்ணிடலாம்" என்று முடிந்த மீட்டிங், திங்கட்கிழமை "நீங்க பண்ணுவீங்கன்னு நினைச்சேன்" என்று தொடங்குவது இதனால்தான். பேசியவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. அந்த ஒரு வரிக்கு "யாரு, எப்போக்குள்ள?" என்று கேட்க ஆள் இல்லை.

மேலாளர் சொல்கிறார்: "இந்த ரிப்போர்ட் சரியா வரலப்பா, கொஞ்சம் நல்லா பண்ணிக் குடு." வழக்கமான பதில் "சரி சார்." பிறகு மூன்று மணி நேரம் எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டிருப்பது, திரும்பக் கொண்டுபோய் மறுபடி திட்டு வாங்குவது. அதையே இப்படிச் செய்து பாருங்கள்:

"சரி சார். எந்த இடம் சார் சரியா வரல?"

"அந்த ரெண்டாவது டேபிள்தான்."

"அதுல எது இருந்தா சரியா இருக்கும் சார்?"

"போன மாச நம்பர் பக்கத்துல இருக்கணும்ல? இதை மட்டும் வச்சுப் பாத்தா ஏறுதா இறங்குதான்னே தெரியல."

"சரி சார், போன மாசத்தையும் பக்கத்துலயே சேர்த்து நாலு மணிக்குள்ள அனுப்பிடறேன்."

இரண்டு கேள்வி, ஒரு உறுதிப்படுத்தல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சரி சார்" முதலில் வருவதைக் கவனியுங்கள். அது இல்லாமல் கேள்வியோடு தொடங்கினால் எதிர்த்துப் பேசுவதாகப் போய்விடும். "எது சார் சரியா இல்ல?" என்று குரலை உயர்த்திக் கேட்டாலும் கதை முடிந்தது. இரண்டு கேள்விக்கு மேல் அடுக்கினால் விசாரணைக் கமிஷன் ஆகிவிடும், மூன்றாவது சந்தேகத்தை "நான் புரிஞ்சுக்கிட்டது இது, சரிதானா?" என்று முடிப்பதே நல்லது. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை முடிந்தவரை ஒதுக்குங்கள். அது காரணத்தைக் கேட்டாலும் குற்றம் சாட்டுவதாகவே காதில் விழும். 'எது', 'எப்போ', 'யாரு', 'எப்படி' என்பவை தகவலைக் கொண்டுவரும்.

பொதுமைப்படுத்தலில்தான் பயிற்சியாளர்கள் பெரிய தவறைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "நீங்க எப்பவுமே லேட்டாத்தான் அனுப்புறீங்க" என்று ஒருவர் சொன்னால், "எப்பவுமேவா? ஒரு தடவைகூட நேரத்துக்கு அனுப்பலையா?" என்று கேட்க வேண்டுமாம். சிகிச்சை அறையில், உதவி கேட்டு வந்தவரிடம், நம்பிக்கை ஏற்பட்டபின் கேட்கிற கேள்வி அது. கோபத்தில் இருக்கும் கஸ்டமரிடமோ மேலதிகாரியிடமோ கேட்டால் அடுத்த நொடி பழைய கணக்கெல்லாம் தேதியோடு வெளியே வரும். அதே தகவலை வேறு வழியில் எடுக்கலாம்: "கடைசியா எது லேட்டாச்சு? அதை முதல்ல பாத்துடறேன்." அவர் 'எப்பவுமே'யிலிருந்து ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்கு இறங்கிவிடுவார், யாரும் தோற்க வேண்டியதில்லை.

திரித்தலில் அலுவலகத்துக்கு முக்கியமானது மனதைப் படிப்பது. "அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது." இதற்கு "எதை வச்சு சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராத ஒரு மெயில்தான் அடியில் இருக்கும். மெயிலுக்குத் தீர்வு உண்டு, 'ஆகாது' என்பதற்குக் கிடையாது. "அது முடியாது" என்று வந்தால் "என்ன தடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அனுமதியா, நேரமா, ஆளா என்று ஒன்று வெளியே வரும்.

ஒரு தொடுதலோடு ஒரு உணர்வைப் பிணைத்து வைக்கிற ஆங்கரிங் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விரல் முட்டியை அழுத்தினால் தன்னம்பிக்கை வரும் என்று பிரசன்டேஷனுக்கு முன்னால் அழுத்துபவர் அழுத்தட்டும், கெடுதல் இல்லை. அந்த நேரத்தில் முதல் இரண்டு நிமிடப் பேச்சை வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தால் இன்னும் நல்லது.

கடினமான பேச்சுக்குப் போகுமுன் செய்ய வேண்டியதும் என்எல்பியில் இருக்கிறது, அதையும் ஓரம் தள்ளிவிடுகிறார்கள். பேச்சின் முடிவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரே வரி எழுதுங்கள். வேண்டாததை எழுதாமல் வேண்டியதை எழுத வேண்டும். 'அவர் குறுக்கே பேசக் கூடாது' என்பது அவர் கையில் இருக்கிறது, 'மாற்றங்களை வியாழக்கிழமைக்குள் சொல்லும்படி நான் கேட்டுவிட வேண்டும்' என்பது உங்கள் கையில் இருக்கிறது. பிறகு மூன்று இருக்கை. ஒன்றில் உட்கார்ந்து உங்கள் பக்கத்தைப் பேசுங்கள். எதிர் இருக்கைக்கு மாறி அவராகவே 'நான்' என்று பேசுங்கள், 'அவர் நினைப்பார்' என்று அல்ல. மூன்றாவதில் உட்கார்ந்து இருவரையும் தெரியாத ஆள்போல, கேமராவில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். எல்லாரும் சறுக்குவது இரண்டாவதில்: எதிராளியின் இருக்கையில் உட்கார்ந்தும் தன் வக்கீலாகவே பேசுவார்கள். அவருக்கு நியாயமாகப்படும் ஒரு வாக்கியமாவது உங்கள் வாயிலிருந்து வராதவரை அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இதற்கெல்லாம் வேண்டியது திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான், அதற்குத்தான் இந்த வகுப்புகளில் நேரம் இல்லை. கணக்குப் போடுங்கள். இரண்டு நாள், பன்னிரண்டு மணி நேரம், முப்பது பேர். பத்து மணி நேரம் ஸ்லைடும் மேடை வித்தையும். மிச்சம் 120 நிமிடம், தலைக்கு நான்கு நிமிடம்தான் பயிற்சியாளர் பார்த்துத் திருத்த முடியும். நான்கு நிமிடத்தில் எந்தப் பழக்கம் மாறும்? பிராக்டிஷனர், மாஸ்டர் பிராக்டிஷனர் என்று சான்றிதழ் மட்டும் கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பட்டங்களுக்கு உலகம் முழுவதும் செல்லும் ஒரே கட்டுப்பாட்டு அமைப்பு எதுவும் கிடையாது, பாடத்திட்டமும் தேர்வும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஹெச்ஆரில் இருப்பவர்களே, அடுத்த முறை பணம் ஒதுக்குமுன் பயிற்சியாளரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் அலுவலகத்தில் உண்மையாகக் குழம்பிய ஐந்து மெயில்களைப் பெயர் நீக்கித் தருகிறோம், அவற்றை வைத்துப் பாடம் நடத்துவீர்களா? ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசித் திருத்தம் வாங்குவார்? இரண்டு நாளை ஒரே மூச்சில் நடத்தாமல் வாரம் ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம் என்று பிரிப்பீர்களா? முதல் வாரம் முழுவதும் 'யாரு, எப்போக்குள்ள' என்ற கேள்வி மட்டும், மீட்டிங் குறிப்புகளில் பெயரும் தேதியும் இல்லாத வரி எத்தனை என்று முன்னும் பின்னும் எண்ணிக் காட்டுவீர்களா? தயங்குகிறவருக்குக் காசோலை எழுதாதீர்கள்.