பட்டர் ஃப்ரூட் கொட்டையும் அம்மாவின் மாத்திரையும்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் சீசனில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் சாக்கு விரித்து பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ, பழுக்கப் போட்டிருப்பார்கள். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிற மரம். வியாபாரி எடுத்தது போக, அடிபட்டதெல்லாம் வீட்டுக்கு. இந்த வருஷம் எங்கள் வீட்டில் கொட்டையைக்கூட வீசவில்லை. அம்மா கழுவி, சீவி, முறத்தில் காயவைத்திருக்கிறார்.

"தைராய்டுக்கு நல்லதாம்டா, பாட்டி வைத்தியம்." வாட்ஸப்பில் வந்ததாம்.

அந்தக் கொட்டையைச் சீவிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வெளுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கத்தி, விரல், பலகை எல்லாம் செங்காவி. துணியில் பட்டால் லேசில் போகாது. அந்தப் பொடியைத் தினமும் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டு, தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம். கோவையில் இருக்கிற எனக்குத் தெரியவே தெரியாது. ஊருக்குப் போனபோது முகம் உப்பியிருந்தது, பகலெல்லாம் தூக்கம், குரல் கட்டினாற்போல். வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தால் டி.எஸ்.எச். 38. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறுகிற அளவு அது. நாலு, நாலரைக்குள் இருக்கவேண்டியது.

பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 'பாட்டி வைத்தியம்' என்கிறார்களே, எந்தப் பாட்டி? மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம் அது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.டி.1 என்று ரகமே விட்டிருக்கிறார்கள், ஆனாலும் ஊர்வாயில் இன்னும் பட்டர் ஃப்ரூட்தான். வெண்ணெய்ப்பழம் என்பதெல்லாம் பத்திரிகையில். என் அப்பத்தா 'சோப்பு மாதிரி வழவழங்குது' என்று கடைசிவரை வாயில் வைக்கவில்லை.

பழத்தில் நல்ல கொழுப்பு உண்டு, பொட்டாசியம் உண்டு, நார்ச்சத்து உண்டு. தைராக்சின் கிடையாது. அம்மாவின் தைராய்டு சுரப்பி சுரக்காத அந்தத் தைராக்சின் ஹார்மோனைத்தான் மாத்திரை கொடுக்கிறது. அது சுரக்க அயோடின் வேண்டும். மலை மண்ணில் இருக்கும் அயோடினை மழை அரித்துக்கொண்டு போய்விடும், அதனால் மலைநாடுகளில் கழுத்துக் கழலை வருவது பழைய கதை. 1962-ல் அரசு கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும், உப்பில் அயோடின் சேர்த்ததும் அதற்காகத்தான். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அம்மாவுக்கு இருப்பது வேறு, ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற வகை. அதை உப்பும் சரிசெய்யாது, கொட்டைப் பொடியும் சரிசெய்யாது.

சரி, அம்மா ஏன் மாத்திரையை விட்டார்? அங்கேதான் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒழுங்காகப் போட்டும் ஒரு வருஷமாக டி.எஸ்.எச். அளவு இறங்கவில்லை. முன்பு பார்த்த இடத்தில் டோஸைக் கூட்டிக்கொண்டே போனார்களே தவிர, எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா கேட்டார்.

"காலையில எந்திரிச்சதும், வரக்காப்பியோட."

எங்கள் தோட்டத்துக் காப்பிதான் வில்லன்! காப்பியோடு போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். காப்பி, பலகாரமெல்லாம் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? அந்த ஒரு நிமிஷம் கிடைக்காத இடத்தில்தான் வாட்ஸப் பாட்டிகள் நுழைகிறார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தபோது 9-க்கு இறங்கியிருந்தது. பட்டர் ஃப்ரூட்டை இப்போது மத்தியானம் நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார். ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து கால்மணிக்கு ஒருதரம் கேட்கிறார்: "மணி ஆறாச்சாடா?"