செடான் தோற்றது இருக்கை உயரத்தில்தான்

பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் கார்களை ஏன் இப்போது அதிகம் பேர் வாங்குவதில்லை என்று கேட்டால், "எல்லாருக்கும் எஸ்யூவி மோகம்" என்ற பதில்தான் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. காரில் ஏறி இறங்கும்போது முழங்கால் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். செடான் தோற்ற இடம் இருக்கையின் உயரம். அந்த உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தது செடானை வடிவமைத்தவர்களேதான்.

ஒரு அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து ஓட்டுநர் இருக்கையின் மெத்தை வரை அளந்து பாருங்கள். இன்றைய செடானில் ஏறக்குறைய 50 செ.மீ. வரும். கிராஸ்ஓவரில், அதாவது கார் அடித்தளத்தில் உயர்த்திச் செய்த எஸ்யூவியில், 60 முதல் 70 செ.மீ. வீட்டு நாற்காலியே 45 செ.மீ.தானே, அதில் சிரமம் இல்லையே என்று தோன்றலாம். நாற்காலியில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நேராக உட்காருகிறோம். காரில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நடுவில் கதவுப்படியைத் தாண்ட வேண்டும். கூரை விளிம்பில் இடிக்காமல் தலையைக் குனிய வேண்டும். மெத்தை பின்பக்கம் சரிந்திருப்பதால் எழும்போது முதலில் முன்னால் நகர வேண்டும், பிறகு உடம்பைத் திருப்பி, மொத்த எடையையும் ஒரே முழங்காலில் தாங்கி எழ வேண்டும். இடுப்பு இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கை இருந்தால் இதில் பாதி வேலை இல்லை. அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். அறுபது வயதுக்காரர் கிராஸ்ஓவரை விரும்புவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

செடான் எப்போதும் இப்படித் தாழ்வாக இருந்ததில்லை. 1940களின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், ஆண்கள் தலையில் தொப்பியோடு உட்கார இடம் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அந்தக் காலத்துச் செடான்களின் உயரம் 160 செ.மீ.க்கு மேல். இன்றைய டொயோட்டா கேம்ரி 144.5 செ.மீ. டெஸ்லா மாடல் 3-உம் கிட்டத்தட்ட அதே அளவுதான். இன்றைக்குச் சிறிய கிராஸ்ஓவர் என்று விற்கிற வண்டியின் உயரம், ஏறத்தாழ அந்தப் பழைய செடானின் உயரம். 2004இல் மெர்சிடிஸ் சிஎல்எஸ் வந்து நான்கு கதவுக் காருக்குக் கூபே எனப்படும் இரண்டு கதவுக் கார் போன்ற சரிந்த கூரையைக் கொடுத்த பிறகு, சாதாரணக் குடும்பச் செடான்களும் அந்தச் சரிவைப் பின்பற்றின. பின்னிருக்கையில் உட்காருபவரின் தலைக்கு மேலிருந்த இடம்தான் அதற்குப் பலியானது.

வடிவமைத்தவர்களிடம் ஒரு நியாயமும் இருந்தது: காற்று. நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரத்துக்கு வந்து சேரும் ஆற்றலின் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு இரண்டு எண்களின் பெருக்கலைப் பொறுத்தது. ஒன்று வடிவத்தைச் சொல்லும் இழுவை எண், இன்னொன்று முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் முகப்புப் பரப்பு. நல்ல செடானுக்கு 0.27, 2.2 சதுர மீட்டர் என்றும், அதே தரத்து எஸ்யூவிக்கு 0.34, 2.6 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செடான் மீது ஏறக்குறைய 275 நியூட்டன் எதிர்ப்பு, எஸ்யூவி மீது 410. இந்த வித்தியாசத்தை 100 கி.மீ. தூரம் தள்ளிக்கொண்டு போக, பெட்ரோல் எஞ்சினின் திறன் 28 சதவீதம் என்று கொண்டால், கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் கூடுதலாக வேண்டும். மின்காரில் இது சுமார் 4 யூனிட். 100 கி.மீ.க்கு 16 யூனிட் குடிக்கும் வண்டிக்கு அது கால் பங்கு. ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் இதே வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அங்கே எடைதான் பேசும். ஆகவே நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவரிடம் காற்றைப் பற்றிப் பேசி செடானை விற்க முடியாது. நெடுந்தூரம் போகிறவர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த ஒன்றரை லிட்டரை எடுத்துக்கொள்வது உயரம் மட்டும் அல்ல. எஸ்யூவியின் பின்பக்கம் சுவர் மாதிரி வெட்டுண்டு நிற்கிறது. காற்று அங்கே சட்டென்று பிரிந்து, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பெரிய சுழலை உண்டாக்கி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. பின் கண்ணாடியில் தூசி அப்புவதும் அதே சுழலால்தான். அங்கே வைப்பர் தேவைப்படுவதும் அதனால்தான். செடானில் கூரையிலிருந்து இறங்கும் காற்றை டிக்கியின் மேல்தளம் கடைசிவரை பிடித்து அனுப்புகிறது. இப்போது அந்தச் செடானின் பின்பக்க வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூரையையும் இருக்கையையும் 8 செ.மீ. மட்டும் உயர்த்திப் பாருங்கள். முகப்புப் பரப்பு 0.14 சதுர மீட்டர் கூடும். இழுவை எண் 0.01 ஏறினாலும் 100 கி.மீ.க்குக் கூடுதல் செலவு 0.3 லிட்டர் அளவில்தான் நிற்கும். முழங்கால் கேட்டது இந்த 8 செ.மீ.யைத்தான். அதைக் கொடுக்க மறுத்ததால் வாடிக்கையாளர் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கும் வண்டிக்குப் போய்விட்டார். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

சட்டங்களும் தம் பங்குக்குத் தள்ளின. அமெரிக்காவில் எரிபொருள் சிக்கன விதி, கார்களுக்கு ஒரு வரம்பையும் 'இலகுரக டிரக்' வகைக்குத் தளர்வான இன்னொரு வரம்பையும் வைத்திருந்தது. நான்கு சக்கர இயக்கம் இருந்து, தரை இடைவெளி 20 செ.மீ., முன்பக்க ஏறுகோணம் (முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) 28 டிகிரி என்பது போன்ற ஐந்து அளவுகளில் நான்கு தேறினால் ஒரு கிராஸ்ஓவர் டிரக் கணக்கில் சேர்ந்துவிடும். உயரத்தைக் கூட்டினால் விதி தளர்கிறது என்றால் எந்த நிறுவனம் தாழ்வான வண்டியை விரும்பிச் செய்யும்? போதாக்குறைக்கு, அதே அடித்தளத்தில் செய்த கிராஸ்ஓவரைச் செடானைவிட அதிக விலைக்கு விற்க முடிகிறது. ஃபோர்டு 2018இல் வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. செவர்லே மாலிபுவின் உற்பத்தி 2024 நவம்பரில் நின்றது. உலக அளவில் 2023இல் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை.

இந்தியாவில் வேறு மாதிரி. 2006இல் 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. உடனே டிக்கியை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கினார்கள்: 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ், 2012இல் 3,995 மி.மீ. நீளத்தில் மாருதி டிசையர். டிக்கியின் மேல்தளம் குட்டையானால் காற்றைப் பிடித்து அனுப்பும் வேலையையும் அது சரியாகச் செய்யாது. 4 மீட்டருக்குள் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், உயரமான பெட்டி வடிவம்தான் இடத்தை முழுதாகப் பயன்படுத்தும். அந்தப் பந்தயத்தில் செடானுக்கு ஆரம்பத்திலிருந்தே கை கட்டப்பட்டிருந்தது.

வேகத்தடையில் அடிவயிறு உரசுவது செடானைப் பற்றிய இன்னொரு பெரிய புகார். விவரக் குறிப்பில் தரை இடைவெளி 165 மி.மீ. என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆளில்லாத வண்டியின் அளவு. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் 30, 40 மி.மீ. இறங்கிவிடும். அதைவிட முக்கியம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். வீல்பேஸ் 2,700 மி.மீ., இடைவெளி 165 என்றால் நடுவில் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 14 டிகிரி. ஆள் ஏறி இடைவெளி 130 ஆனால் 11 டிகிரி. 2,600 மி.மீ. வீல்பேஸும் 200 மி.மீ. இடைவெளியும் உள்ள எஸ்யூவிக்கு 17 டிகிரிக்கு மேல். எனவே கடையில் இடைவெளியை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல் வீல்பேஸையும் சேர்த்துப் பாருங்கள்.

கையில் செடான் இருப்பவர்கள் கனமான சாமானைப் பின்னிருக்கையின் முதுகை ஒட்டி வைக்க வேண்டும். டிக்கியின் விளிம்பில் வைத்தால் பின்பக்கம் இன்னும் தாழும். முழுச் சுமை ஏற்றும்போது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச் சுமைக்கென்று உள்ள காற்றழுத்தத்தை வையுங்கள். மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் மேட்டைத் தொடும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறினால் மூக்கு தாழ்ந்து முன் பம்பர் அடிபடும். ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் துண்டு செருகி உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங்கின் சில சுருள்கள் வேலை செய்யாமல் போகும், சக்கர அலைன்மென்ட் மாறும், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். 205/55 ஆர்16 டயருக்குப் பதில் 205/60 ஆர்16 போட்டால் 10 மி.மீ. உயரம் கிடைக்கும், உண்மை வேகத்தைவிட வேகமானி 3 சதவீதம் குறைத்துக் காட்டும். சக்கர வளைவில் உரசாது என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே அதையும் செய்ய வேண்டும்.

டிக்கி விஷயத்தில் லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 500 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் வாய் சிறியதாக இருந்தால் பெரிய பெட்டி உள்ளே போகாது. மூடியைத் தாங்கும் கீல் வாத்துக்கழுத்து மாதிரி வளைந்து உள்ளே இறங்கும் வகை என்றால், மூடும்போது சாமானை நசுக்கும். வாய் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள், கீலையும் பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரம், சக்கர நாற்காலி என்று அடிக்கடி ஏற்றுபவர்களுக்குச் செடான் ஒத்துவராது. இதில் எஸ்யூவியோ ஹேட்ச்பேக்கோதான் சரி. மறுபக்கம், டிக்கி தனி அறையாக இருப்பதால் பின்சக்கர இரைச்சலும் சாமானின் வாடையும் உள்ளே வராது. ஏசி குளிர்விக்க வேண்டிய இடமும் குறைவு. பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள குறுக்குச் சட்டம் உடலை இறுக்கிப் பிடிப்பதால் வண்டி முறுக்கிக்கொள்வதும் குறைகிறது.

உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், கவிழாமல் நிற்கும் தன்மையைக் காட்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் கார்களுக்கு அது 1.30 முதல் 1.50, எஸ்யூவி வகைக்கு 1.00 முதல் 1.30. வண்டி சறுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வந்தபின் கவிழும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன என்பது உண்மை. ஆனால் திடீரென்று ஒடித்துத் திருப்பும்போது எது சாய்கிறது என்பது இன்னும் மாறவில்லை. வெளியே நடப்பவர்களையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பானட் முனை 1 மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 76 செ.மீ.க்குள் சரிந்த முகப்புள்ளவற்றைவிடப் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. உயரத்திலிருந்து தெரியும் பார்வையும், பக்கத்து வண்டி தாழ்வாக இருக்கும்வரைதான் கைகொடுக்கும். முன்னால் போவதும் எஸ்யூவி என்றால் தெரிவது அதன் முதுகு மட்டுமே.

மின்காரில் சிக்கல் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. தரைக்கு அடியில் பேட்டரி 10 செ.மீ.க்கு மேல் இடம் எடுக்கிறது. கூரையை உயர்த்தாமல் தளத்தை மட்டும் உயர்த்தினால் பின்னிருக்கையில் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும், தொடை மெத்தையில் படியாது, அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். போர்ஷே டைகானில் பேட்டரியின் நடுவே கால் வைக்கப் பள்ளம் விட்டிருக்கிறார்கள். அந்த யோசனை விலை குறைந்த மின் செடான்களுக்கும் வர வேண்டும்.

டொயோட்டா 2022இல் கிரவுன் காரை 154 செ.மீ. உயரத்தில், தனி டிக்கியோடு, இருக்கையை உயர்த்திச் செய்தது. நான் கேட்பது இந்தத் திசையைத்தான், இன்னும் சிறிய அளவில், இன்னும் பலர் வாங்கக்கூடியதாக. அதுவரை, செடான் பார்க்கப் போகிறவர்கள் வீட்டில் வயதில் மூத்தவரைக் கூடவே அழைத்துப் போங்கள். பின்னிருக்கையில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எந்தக் காரிலும் சிரமம் தெரியாது. ஐந்தாவது முறை அவர் கை எதைப் பிடித்து எழுகிறது என்று பாருங்கள். கதவின் தூணையோ முன்னிருக்கையின் முதுகையோ தேடினால் அந்த இருக்கை அவருக்குத் தாழ்வு.