தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகள் ஒன்றில், கணவன் மனைவியைக் கை முறியும்படி அடித்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. இதை வாசிக்கும் அனைவருக்கும் அது தெரியும். அந்தப் பெண் கோவையில் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். என்னை எழுத வைத்தது ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "இவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் காப்பகத்து ஆயாவுக்குத் தெரியும். காலையில் பிள்ளையை விட வரும்போது அந்தப் பெண்ணால் இடது கையைத் தூக்க முடியாமல் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே மருந்து கொடுத்த கம்பவுண்டருக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் பறித்த கொழுந்தின் எடை நாளுக்கு நாள் குறைந்ததைக் கண்ட சூபர்வைசருக்குத் தெரியும். தவணை கட்டத் தவறியபோது மகளிர் குழுத் தலைவிக்குத் தெரியும். நடுவில் ஒற்றைச் சுவர் மட்டுமே உள்ள அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆளுக்கொரு துண்டாக அனைவருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஒருவரும் முன்வரவில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்களே என்று உடனே சிலர் வருவீர்கள். பேசினார்கள். வெள்ளைத்தாளில் அவனிடம் கையொப்பம் வாங்கினார்கள், "இனி அனுசரித்துப் போம்மா" என்று அவரிடம் சொன்னார்கள், இருவரையும் ஒரே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் யாராவது போய்ப் பார்த்தார்களா? அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்பதே இன்று யாருக்கும் தெரியவில்லை.

நானும் லைன் வீட்டில் வளர்ந்தவள்தான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கூடலூருக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அடுத்த வீட்டு அண்ணன் கை நீட்டத் தொடங்கினால், எதிர் வரிசைப் பெரியம்மா ஒரு குவளையோடு போய்க் கதவைத் தட்டிச் சீனி கேட்பார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவன் வெளியே போகும்வரை வாசலில் நிற்பார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு என்பதால், அடி தாங்காமல் ஓடி வரும் பெண் வெளியில் நிற்கவும் முடியாது. ஆகவே அந்த இரவுகளில் அம்மா எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல், உள்பக்கம் ஒரு கல்லை மட்டும் முட்டுக்கொடுத்து வைப்பார். காலையில் கங்காணியிடம் சொல்வது ஒருவர் பொறுப்பு, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இன்னொருவர் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

1981-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற நகரத்தில் இதையே முறைப்படுத்தினார்கள். காவல்துறை, நீதிமன்றம், பெண்கள் காப்பகம் எல்லாம் ஒன்றாக அமர்ந்து, ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் யார் எதைச் செய்வது, யாரிடம் தெரிவிப்பது என்று எழுதி ஒப்புக்கொண்டார்கள். அடிப்பவனை நிறுத்தும் பாரம் அடிபடுபவளின் தலையில் இருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின.

"அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிட்டால் நமக்கு வம்பு" என்பவர்கள் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவை வாசிக்க வேண்டும். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கவும் உறவுமுறை எதுவும் தேவையில்லை. "புகார் கொடுத்தால் அவன் சிறைக்குப் போவான், குடும்பம் தெருவுக்கு வரும்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டம் முதலில் தருவது பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றைத்தான். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ வரும். பொய்ப் புகார்களைப் பற்றிப் பேச விரும்புபவர்கள் வேறு பக்கத்தில் பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பெண்ணின் கை முறிந்திருக்கிறது.

குடிதான் காரணம் என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. டாஸ்மாக் கடையை மூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்த அதே ஆள், வழியில் இருக்கும் சூபர்வைசர் வீட்டுக் கதவை ஒரு நாளும் உதைக்கவில்லையே? யாரை அடித்தால் கேட்க ஆள் வராது என்பது அந்தப் போதையிலும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவை அவனுக்குக் கொடுத்தது பேசாமல் இருந்த ஊர்தான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்குப் 14 பேர்தான். வாய் திறக்காத மற்றவர்களைக் குறை சொல்லும்முன், வாய் திறந்தவருக்கு நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். இந்தப் பெண் சொன்னார். ஊரின் முன்னால் நின்று, அத்தனை ஆண்கள் நடுவில், அழுதுகொண்டே சொன்னார்.

எதிர் வரிசைப் பெரியம்மாவாலும் மாற்ற முடியாத ஒன்று இருந்தது. வேலையில் பதிவானவர் பெயரில்தான் லைன் வீடு. அந்த அண்ணன் பெயரில் வீடு இருந்ததால், அந்த அக்கா எத்தனை முறை ஓடினாலும் அங்கேயே திரும்ப வேண்டியிருந்தது. இன்றும் அதே நிலைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு என்கிறது அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-வது பிரிவு. அடித்தவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்கிறது 19-வது பிரிவு. கோவையிலிருந்து திரும்பும் பெண் எந்த வீட்டுக்கு வருவார், அங்கே யார் இருப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆகவே மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பிரதி பாதுகாப்பு அலுவலருக்கு, ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு. ஆயா நேற்று வந்து தாம் பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார். கம்பவுண்டரும் சூபர்வைசரும் மகளிர் குழுத் தலைவியும் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாலை வரை நான் வீட்டில்தான் இருப்பேன். வந்து, அவரவர் பார்த்ததை அவரவர் கையால் எழுதுங்கள்.