லேபிளைப் பிய்க்காதீர்கள்

உல்லன் நூல் விற்பவர்கள் கண்டைச் சுற்றியுள்ள லேபிளை ஏன்தான் பிய்த்துவிடுகிறார்களோ! அதே நூலை மறுபடி வாங்க நிற எண் மட்டும் போதாது. லாட் எண்ணும் அதில்தான் இருக்கிறது. லாட் மாறினால், அதாவது வேறு தடவை சாயம் ஏற்றிய நூலாக இருந்தால், அதே நீலம் கொஞ்சம் வெளுத்தோ கறுத்தோ வரும். கடை டியூப்லைட்டில் தெரியாது. ஸ்வெட்டரைப் பின்னி முடித்து வெயிலில் பிடித்தால் நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை விழுந்திருக்கும். நெசவும் சாயமும் தெரிந்த சேலத்திலேயே இப்படியா?

கேட்டால், “நம்மூர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கும்மா?” என்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் அங்குள்ள பிள்ளைகளுக்குத்தான் பின்னுகிறேன். “சும்மா கொடுப்பதுதானே, பட்டை இருந்தால் என்ன?” என்று ஒருத்தர் சொன்னது இன்னும் ஆறவில்லை. அக்கா பேத்திக்கு என்றால் பிரிக்காமல் விடுவேனா? இதையும் பிரிக்கத்தான் போகிறேன். அடுத்த முறை லேபிளோடு நூலைக் கொடுங்கள், போதும்.